கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம், முதலில் கையில் கொடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் நாத்தனாருக்குத் துணையாக ஓர் அம்மா நூலகத்துக்கு வந்திருந்தார். வீட்டில் கொலுசுப் பட்டறை வேலை. இடுப்பில் நான்கு வயதுப் பெண். இறக்கிவிட்டதுமே அது நேராகக் கீழ்த்தட்டுக்குப் போய், யானைப் படம் போட்ட ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மூன்று பக்கம் புரட்டியிருக்காது. அம்மா ஓடிவந்து கையில் ஓர் அடி வைத்துப் பிடுங்கினார். "கிழிச்சுப்புட்டா நம்மளால கட்ட முடியாது சாமி, வை." குழந்தை அழக்கூட இல்லை. அது பழகிப்போயிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேச்சுக் கொடுத்தேன். பள்ளிக்கூட வாசலில் வந்த ஒரு விற்பனையாளரிடம் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு, தொட்டால் பேசும் பேனாவோடு ஒரு புத்தகப் பெட்டி வாங்கியிருக்கிறார்கள், தவணையில். "அது எங்கம்மா?" என்றேன். "பீரோ மேல இருக்குதுங்க மேடம். கையில குடுத்தா கிழிச்சுருவாள்ல?"

இந்த ஆண்டில் இப்படி நான் பார்க்கும் நான்காவது குடும்பம் இது.

சேலத்துக் கிளை நூலகங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். அம்மாபேட்டை தறிக்காரர் வீடுகள், செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கூலிக்குப் போகிறவர்கள், சிவதாபுரம் வெள்ளித் தொழிலாளர்கள் என்று எல்லாரும் கணக்காகக் குடும்பம் நடத்துகிறவர்கள். கொத்தமல்லிக் காம்பைக்கூட எறியாமல் ரசத்தில் போடுகிறவர்கள். இவர்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட ஒன்றை வாங்கிக்கொள்ளாமல் விடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

எப்போது கட்டினோம் என்று கேட்பீர்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் போராடியதன் பலன் அது. அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இன்றைக்கு அது ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி இரண்டாயிரம் என்றால் இருநூறு ரூபாய் நூலகத்துக்கு. வாடகை வீடுதானே என்று சொல்லாதீர்கள், வீட்டுக்காரர் அதையும் உங்கள் வாடகையிலிருந்துதான் கட்டுகிறார். எங்கள் அலமாரியில் இருக்கும் புத்தகம் உங்கள் காசு.

உள்ளே வந்து உட்கார்ந்து படிக்க ஒரு காசும் வேண்டாம், உறுப்பினராகக்கூட வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் உறுப்பினர் அட்டை. அதற்கு ஒரு சிறு காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் உண்டு. இரண்டையும் சேர்த்தாலும் புது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இரண்டு பேர் டிபன் சாப்பிடும் செலவுக்குள் அடங்கும். காப்புத்தொகை நீங்கள் விலகும்போது திரும்பி வந்துவிடும்.

இப்போது கிழிப்பதற்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை கிழிக்கும். இரண்டு வயதில் கிழிக்கும், கடிக்கும், தலைகீழாகப் பிடிக்கும். புத்தகம் என்றால் என்ன, பக்கத்தை எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று அது அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. கிழிந்தால் கிழிந்த துண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். "இந்தப் பக்கம் போயிடுச்சுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். மெல்லிய தாளும் மைதாப் பசையும் வைத்து ஒட்டிக்கொள்வேன். இத்தனை ஆண்டில் ஒரு பக்கம் கிழிந்ததற்காக ஒரு தாயிடமும் நான் பணம் கேட்டதில்லை. தயவுசெய்து வீட்டில் செல்லோடேப் ஒட்டி மறைக்காதீர்கள். இரண்டு வருடத்தில் அது பழுப்பேறி, எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். கிழிசலை நான் சரிசெய்துவிடுவேன், செல்லோடேப்பைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. புத்தகம் தொலைந்தே போனாலும் அதே புத்தகத்தை வாங்கித் தந்து கணக்கை முடித்துக்கொள்ளலாம். போலீஸ் வராது, ரேஷன் கார்டில் எழுதமாட்டார்கள். இரண்டையும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

எந்தச் சிறுவர் நூலும் ஒருநாள் நைந்துபோகும். நைந்ததைக் கணக்கிலிருந்து நீக்க எங்களுக்கு முறை இருக்கிறது. அதே ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அதில் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். பத்து ஆண்டு கழித்தும் தாள் மொறமொறப்பாக இருக்கும் குழந்தைப் புத்தகத்தை இருப்புச் சரிபார்ப்பின்போது எடுத்துப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இந்தப் பயம் வளர்ந்ததில் எங்கள் தரப்புத் தவறும் உண்டு, மறைக்கமாட்டேன். புத்தகம் குறைந்தால் பொறுப்பு நூலகர் தலையில் விழும் என்ற அச்சத்தில் சிறுவர் நூல்களைக் கண்ணாடி பீரோவில் பூட்டிவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பூட்டியிருக்கிறேன். குழந்தை சத்தம் போட்டால் பேப்பர் படிக்கும் பெரியவர்கள் முறைப்பார்கள். முறைத்தால் முறைக்கட்டும். உங்கள் குழந்தையும் அதே வரிப்பணத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

"இன்னும் படிக்கவே தெரியாதே, அதுக்கு எதுக்குங்க?" என்பது அடுத்தது. சிறு குழந்தைக்குத்தான் நூலகம் அதிகம் லாபம், காசுக்கணக்கிலேயே. பெரியவர் ஒரு நாவலைப் பத்து நாள் படிப்பார். மூன்று வயதுப் பிள்ளைக்குப் படப்புத்தகம் ஐந்து நிமிடம். ஒன்றை இரண்டு பக்கத்தோடு தள்ளிவிடும். இன்னொன்றை நாற்பது தடவை படிக்கச் சொல்லி உயிரை எடுக்கும். எது எப்படிப் போகும் என்று பெற்றவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் பாவாடை சட்டை சிறுத்துப்போவது போலப் புத்தகமும் சிறுத்துப்போகும். நூறு, நூற்றைம்பது கொடுத்து வாங்கிவிட்டு அது பிடிக்காமல் போனால் உங்களுக்கு எரிச்சல், பிள்ளைக்கு அடி. இரவல் என்றால் பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம். இரண்டு வாரத்துக்கு மூன்று புத்தகம் என்றால் ஆண்டுக்கு எழுபதுக்கு மேல். எந்தத் தவணைப் பெட்டியிலும் அத்தனை இராது. நாற்பது தடவை கேட்ட புத்தகம் எது என்று தெரிந்த பிறகு, அதை மட்டும் ஆண்டு இறுதியில் புத்தகத் திருவிழாவில் சொந்தமாக வாங்கிக் கொடுங்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டியும் படத்தைக் காட்டிக் கதை சொல்லலாம். புத்தகத்தில் இருக்கும் கதையைத்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. செல்போனில் கதை வருகிறதே என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்குத் திரை 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் யாராவது கூட இருந்து படித்துக்காட்டுவதும் கதை சொல்வதும் நல்லது என்று. எனக்கு இதைச் சொல்ல நிறுவனம் தேவையில்லை, மடியில் உட்கார்ந்து கதை கேட்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

வருவதற்கு முன் சில விஷயங்கள். வெள்ளிக்கிழமை வராதீர்கள், கிளை நூலகங்களுக்கு அன்றுதான் வார விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும், தறி நிற்கும் நாள்தானே, அன்று வாருங்கள். முகவரிச் சான்றின் நகல் ஒன்று கொண்டுவாருங்கள். தட்டுவடை செட் தின்ற கையோடு புத்தகத்தைத் தொடவிடாதீர்கள், எண்ணெய்க் கறை கிழிசலைவிட மோசம், பூச்சியை அழைத்துவரும். இரவல் புத்தகத்துக்கு வீட்டில் ஒரு மஞ்சள் பை ஒதுக்கி ஆணியில் மாட்டுங்கள், தொலைவது பாதி குறையும். தேதி தாண்டிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு மாதம் வராமல் இருக்காதீர்கள், அபராதம் சில்லறைக் காசுதான். புத்தகத்தை எடுத்துப்போகாமல் இங்கேயே படிக்கவைத்தாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். குழந்தைகள் வருகிறார்கள் என்று கணக்கில் ஏறினால்தான் சிறுவர் நூல் அதிகம் வேண்டும் என்று மேலே நான் வாய் திறந்து கேட்க முடியும்.

அந்த யானைப் புத்தகத்தை என் மேசை இழுப்பறையில் எடுத்துவைத்திருக்கிறேன். விண்ணப்பப் படிவத்தை நானே எழுதித் தருகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லியனுப்பினேன். "அவங்கப்பாகிட்ட கேட்டுட்டு வர்றனுங்க" என்றார். மூன்றாவது பக்கத்தின் ஓரத்தில், பிடுங்கும்போது விழுந்த ஒரு சின்னக் கிழிசல் இருந்தது. அதை அன்று மத்தியானமே ஒட்டிவிட்டேன்.