பொழுதுபோக்காகப் பூட்டுத் திறப்பவர்களும் உங்கள் வாசல் கதவும்

கடைக்கு வரும் இளைஞர்களில் சிலர் இப்போது பூட்டு கேட்பதில்லை. பூட்டைச் சாவியில்லாமல் திறக்கும் கம்பி செட் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கேட்கும்போதே குரல் கொஞ்சம் இறங்கிவிடும். இன்னொரு பக்கம் வீட்டுக்காரர்கள். லாக்பிக்கிங்லாயர் போன்ற யூடியூப் சேனல்களில் ஒருவர் பேசிக்கொண்டே இரண்டு கம்பிகளை நுழைத்து ஒரு நிமிடத்துக்குள் பூட்டைத் திறப்பதைப் பார்த்துவிட்டு, "அப்போ என் வீட்டுப் பூட்டு சும்மாதானா?" என்று போனை நீட்டுகிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில், இது திருட்டு வேலை இல்லை. ஜெர்மனியில் 1997-லேயே இதற்கென்று சங்கம் அமைத்துவிட்டார்கள். நெதர்லாந்தில் 'டூல்' என்ற அமைப்பு இருக்கிறது. போட்டி நடத்துகிறார்கள், ஒரே மாதிரிப் பூட்டுகளைக் கொடுத்து யார் முதலில் திறக்கிறார் என்று பார்க்கிறார்கள். இந்த வட்டாரத்தில் இரண்டு விதிகளை எல்லோரும் மதிக்கிறார்கள்: சொந்தமில்லாத பூட்டைத் தொடக்கூடாது, பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடக்கூடாது. இரண்டாவது விதியைப் பற்றி அப்புறம் வருகிறேன். அதை மீறுகிறவர்களால் எனக்கு வருமானம் உண்டு.

கதவிலும் சின்னப் பித்தளைப் பூட்டிலும் இன்று அதிகம் இருப்பது பின் சிலிண்டர். லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861-இல் காப்புரிமை வாங்கிய வடிவம். அடிப்படை யோசனை பழைய எகிப்தின் மரப்பூட்டுகளிலேயே உண்டு. சுழலும் உருளைக்குக் குறுக்கே ஐந்தாறு துளைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டாக ஒரு பின், அதாவது சின்ன உலோகக் குச்சி, மேலே ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் எல்லாப் பின்களின் பிளவும் ஒரே கோட்டில் வந்து நிற்கும், உருளை திரும்பும். காகிதத்தில் வரைந்து பார்த்தால் சாவியில்லாமல் திறக்க வழியே தெரியாது. ஆனால் தொழிற்சாலையில் துளை போடும்போது எல்லாத் துளைகளும் மயிரிழை பிசகாமல் நேர்கோட்டில் விழுவதில்லை. அதனால் ஒரு கம்பியால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகாது, ஏதோ ஒன்று முதலில் இறுகும். அதைத் தேடிக் கண்டுபிடித்துத் தூக்கினால் சின்னதாக ஒரு கிளிக், உருளை துளி நகரும், அடுத்த பின் இறுகும். அவ்வளவுதான் வித்தை. மலிவான பூட்டில் துளைகளும் தாறுமாறு, இடைவெளியும் தாராளம். வீடியோவில் ஒரு நிமிடத்தில் திறப்பது பெரும்பாலும் அதைத்தான்.

கஷ்டமான பூட்டு என்றால் துளைகளைத் துல்லியமாகப் போட்டிருப்பார்கள், கூடவே திறக்கிறவரை ஏமாற்றவும் ஏற்பாடு செய்திருப்பார்கள். முதலாவது காசு சம்பந்தப்பட்டது, அதிகம் பேச ஒன்றுமில்லை. இரண்டாவதுதான் சுவாரசியம். உள்ளே மேல் பின்னை உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கக் கடைந்து வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டோம் என்று நினைக்கும் நேரத்தில் உருளை சில டிகிரி திரும்பி, திறந்துவிட்டது போலக் காட்டி, நின்றுவிடும். உண்மையில் ஒரு பின் தன் இடுப்பில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. அதை விடுவிக்க அழுத்தத்தைக் குறைத்து உருளையைக் கொஞ்சம் பின்னால் போகவிட வேண்டும். விட்டால், பாடுபட்டு ஏற்றிய மற்ற பின்கள் கீழே விழும். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இடத்தில் கம்பியை இன்னும் பலமாக அழுத்துவார்கள். கம்பிதான் வளையும். இதில் தேறிவிட்டவர்கள் கையைப் பார்த்தாலே தெரியும். ஏதோ தொட்டும் தொடாமலும் வைத்திருப்பார்கள்.

இதற்கும் மேலே ஒரு படி, பின்லாந்தின் ஆப்லாய். எமில் ஹென்ரிக்சன் 1907-இல் கண்டுபிடித்த அமைப்பு. இதில் பின்னும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. வரிசையாக வட்டத் தகடுகள். சாவி ஒவ்வொரு தகட்டையும் வேறு வேறு கோணத்துக்குத் திருப்பும். எல்லாத் தகடுகளின் வெட்டும் ஒரே இடத்துக்கு வந்தால் பக்கவாட்டுக் கம்பி ஒன்று உள்ளே இறங்கி வழிவிடும். தகடுகளில் திறக்கிறவரை ஏமாற்றும் பொய் வெட்டுகளும் இருக்கும். புதிய புரோடெக் வகைகளில் திருப்பும் விசை விழுந்தவுடன் தகடுகள் நகராமல் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இறுகும் தகட்டைத் தேடித் திறக்கும் முறையின் அடியையே இது வெட்டிவிடுகிறது. இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் பயபக்தியோடு பேசும் பூட்டு இது. நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இந்த வட்டத்தகடு வகையில் வேறொரு லாபமும் உண்டு. உப்புக்காற்றில் முதலில் போவது ஸ்பிரிங்தான். இதில் அது இல்லவே இல்லை.

"திறக்கவே முடியாத பூட்டு" என்று விற்பனையாளர் சொன்னால் லண்டனை நினைத்துக்கொள்ளுங்கள். ஜோசப் பிராமா என்ற பூட்டுக்காரர் தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலேயப் பண அளவு) பரிசு என்று 1790-இல் அறிவித்தார். அவர் காலமான பிறகும் அந்த அறிவிப்புப் பலகை அங்கேயே இருந்தது. சப் என்ற கம்பெனி 1818-இல் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒரு பூட்டு செய்தது. கம்பி போட்டு, உள்ளே இருக்கும் லீவர் என்ற தகட்டை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு சிக்கிக்கொள்ளும், யாரோ கை வைத்தது சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும். 1851-இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் ஹாப்ஸ் அந்த சப் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்தார். எப்படி? எச்சரிக்கை அமைப்பையே துப்பாக எடுத்துக்கொண்டார். அளவுக்கு மேல் தூக்கினால் சிக்கும் என்றால், எந்த உயரத்தில் சிக்குகிறது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறதே! அடுத்து பிராமா பூட்டு. பதினாறு நாட்களில் பரவி மொத்தம் சுமார் 51 மணி நேரம் ஆனது. கம்பெனி முணுமுணுத்தது, நடுவர்கள் பரிசைக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி பிராமா பூட்டு தோற்றது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனி அறை, நாற்காலி, கருவி, யாருடைய தொந்தரவும் இல்லாத அவகாசம் எல்லாம் கொடுத்தும், அந்தக் காலத்தின் மிகச்சிறந்த கைக்கு 51 மணி நேரம் பிடித்தது. உங்கள் வாசலில் எந்தத் திருடன் அவ்வளவு நேரம் குந்தியிருப்பான்? நான் ஒரு பூட்டை எடைபோடுவது நேரத்தை வைத்துத்தான். எவ்வளவு நேரம் தாங்கும், யார் கையில், எந்தக் கருவிக்கு என்று கேளுங்கள்.

நம் ஊரில் இந்தக் கேள்வியை திண்டுக்கல் பூட்டிடம் கேட்டுப் பார்க்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. மாங்காய்ப் பூட்டு, சாவி திருப்பினால் மணியடிக்கும் பூட்டு என்று எத்தனையோ ரகம்; உள்ளே இருப்பது லீவர். ஒவ்வொரு லீவரும் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கப்பட்டால்தான் தாழ் நகரும். இணையத்தில் வாங்கும் கம்பி செட் பின் சிலிண்டருக்கானது, லீவர் பூட்டின் அகலமான துவாரத்தில் அது லொடலொடவென்று ஆடும். பழகுகிறவர்கள் சைக்கிள் ஸ்போக்கை வளைத்துத் தாங்களே கருவி செய்துகொள்கிறார்கள். கையால் ராவிச் செய்யும் பூட்டு என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. நல்ல ஆசாரி கையில் பிறந்தது கடைசிவரை இடம் கொடுக்காது. அவசரத்தில் செய்தது சீக்கிரமே இடம் கொடுத்துவிடும். பெட்டியில் எட்டு லீவர், பத்து லீவர் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். எண்ணிக்கையைவிட லீவரில் பொய் வெட்டு இருக்கிறதா, பூட்டைக் குலுக்கினால் சத்தம் வராமல் இருக்கிறதா என்று பார்ப்பது உபயோகம்.

பொழுதுபோக்குக்காரர்களால் எங்கள் தொழிலுக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது. பல்லெல்லாம் ஒரே ஆழத்துக்கு வெட்டிய சாவியை நுழைத்துத் தட்டினால் சாதாரண சிலிண்டர்கள் திறந்துகொள்ளும் என்பது சாவிக்காரர்களுக்கு முன்பே தெரியும். நெதர்லாந்தின் அந்த டூல் அமைப்பினர் 2005-இல் அதை வெளிப்படையாக எழுதிய பிறகுதான் பரவலாகப் பேச்சு கிளம்பி, கம்பெனிகளுக்கும் நெருக்கடி வந்தது. எல்லா அறைகளையும் திறக்கும் மாஸ்டர் சாவி சங்கதியும் அப்படித்தான். ஒரு அறையின் சாவி கையில் இருப்பவர் கொஞ்சம் பொறுமை காட்டினால் முழுக் கட்டடத்தின் மாஸ்டர் சாவியையே கணித்துவிடலாம் என்று மாட் பிளேஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2003-இல் காட்டினார். ஹாஸ்டல், ஆபீஸ் நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பணம், ஆவணம் இருக்கும் அறையை மாஸ்டர் வரிசையில் சேர்க்காதீர்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். திருட்டு நடந்த வீடுகளுக்குப் பூட்டு மாற்றப் போகும்போது நான் பார்ப்பது கம்பி வித்தையை அல்ல. நாதாங்கி பிடுங்கப்பட்டிருக்கும், கொண்டி நெம்பப்பட்டிருக்கும், நிலைச்சட்டம் பிளந்திருக்கும். பூட்டு பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்! ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பூட்டை அரை இஞ்ச் திருகாணி பிடித்த கொண்டியில் மாட்டினால் இதுதான் நடக்கும். பூட்டிய பிறகு திருகாணியின் தலை வெளியே தெரிந்தால், அந்தக் கொண்டியை இன்றைக்கே மாற்றுங்கள். கதவை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு உள்பக்கம் நட்டு முடுக்கச் சொல்லுங்கள். தொங்கும் பூட்டில் வளையம் எவ்வளவு குறைவாக வெளியே தெரிகிறதோ அவ்வளவு நல்லது. கட்டருக்கும் கடப்பாரைக்கும் இடம் கிடைக்காது. வெளி கிரில்லில் பெரிய பூட்டைத் தொங்கவிட்டுப் போவது ஆள் இல்லை என்று தெருவுக்கே அறிவிப்பது. கையை உள்ளே விட்டுப் பூட்டும் வகையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம்.

அடுக்குமாடிகளில் இப்போது வரும் சிலிண்டர்களுக்கு வேறொரு பலவீனம். நடுவில் திருகாணி போகும் இடத்தில் உலோகம் மெலிதாக இருக்கும். சிலிண்டர் கைப்பிடித் தகட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து ஒடித்துவிடலாம். இங்கிலாந்தில் இப்படி ஒடிக்கும் திருட்டு பெருகிய பிறகு அதைத் தாங்கும் சிலிண்டர்களுக்குத் தனித் தர முத்திரையே வந்தது. உங்கள் கதவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், சரியான நீளத்தில் வேறு போடச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை.

இப்போது அந்த இரண்டாவது விதி. பழகுகிற பையன்கள் சும்மா இருக்க மாட்டாமல் வாசல் கதவிலேயே ஆரம்பிக்கிறார்கள். கம்பி நுனி உள்ளே ஒடிந்துவிடும். அல்லது உருளை பாதியில் நின்று பின் ஒன்று சிக்கிக்கொள்ளும்; அப்புறம் சரியான சாவியும் நுழையாது. அப்பா வேலை முடிந்து வரும் நேரத்துக்கு எனக்கு போன் வரும். திறக்கும் கூலி, புதுச் சிலிண்டர், வாங்கும் திட்டு எல்லாம் சேர்த்தால் பயிற்சிக்கு ஐந்து பூட்டு வாங்கியிருக்கலாம்.

கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றவும் வேண்டாம். ஜப்பானில் 2003-இல் வந்த சட்டப்படி தகுந்த காரணமில்லாமல் இதை வைத்திருப்பதே குற்றம். இங்கே ராத்திரி ரோந்தில் வரும் போலீஸ்காரரிடம் இது ஒரு விளையாட்டு என்று விளக்க முயல்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். வீட்டு மேசையில், ஒரு வைஸில் பிடித்து வைத்துப் பழகுங்கள். பூட்டு வேண்டுமென்றால் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள், எடை போட்டுத் தருவார்கள். சாவி இல்லாததாகக் கேட்டால் விலை இன்னும் குறையும்.