டப்பாவுக்குள்ளேயே செலவாகும் முருங்கைப் பொடி

பாரிமுனை ராசப்பா செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் முருங்கையிலைப் பொடி வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பார்கள், சிலர் தேதியையும் பார்ப்பார்கள். அது எதில், எந்த இடத்தில் இருந்தது என்று கேட்பவர் அபூர்வம். பொடியின் வீரியம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

முருங்கையிலையில் குவர்செட்டின், குளோரோஜெனிக் அமிலம், வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் எல்லாம் உண்டு. எலக்ட்ரானையோ ஹைட்ரஜன் அணுவையோ சுலபமாக விட்டுக்கொடுப்பதால்தான் இவை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் (ஆன்டிஆக்சிடன்ட்). ஆனால் இந்தக் கொடைக்கு ஆள் பார்க்கத் தெரியாது. உடம்புக்குள் போய்ச் செய்ய வேண்டியதை டப்பாவில் அடைபட்ட காற்றோடேயே செய்து தீர்த்துவிடும்.

அரைப்பது இதைத் துரிதப்படுத்துகிறது. ஒரு செ.மீ. கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 0.1 மி.மீ. கனசதுரங்களாக்கினால் 600. ஆக்சிஜன் தொடுவதற்கு நூறு மடங்கு இடம்! சித்த மருத்துவ மரபு சூரணத்துக்கு 3 மாத ஆயுள் மட்டுமே சொல்வது காரணமில்லாமல் அல்ல. முடிந்தால் காய்ந்த இலையாகவே வைத்து, வேண்டும்போது அரைப்பது மேல்.

சென்னையில் பெரிய எதிரி ஈரப்பதம். காய்ந்த பொடி காற்றிலிருந்து நீரை இழுக்கும். நிழலில் உலர்த்திய இலையில் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி முழுக்கச் சாவதில்லை. வறட்சியில் முடங்கித்தான் கிடக்கும். நீர் கிடைத்ததும் எழுந்து, குளோரோஜெனிக் அமிலம் போன்ற பாலிபீனால்களைப் பழுப்பாக்கத் தொடங்கும். கத்தரிக்காய் நறுக்கியதும் கறுக்கிறதே, அதே நொதி வேலைதான். ஐப்பசி மழையில் பொடி கட்டி தட்டினால் நீர் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

வெளிச்சத்தில் பச்சையமே துரோகியாகிறது. ஒளியை வாங்கி, பக்கத்திலுள்ள ஆக்சிஜனை இன்னும் மூர்க்கமான வடிவத்துக்கு மாற்றிவிடும். கடைகளில் அழகாக அடுக்கிய கண்ணாடி ஜாடிகளைப் பார்த்தால் எனக்கு அதனால்தான் வயிறு கலங்கும். வெப்பம் சேர்ந்தால் பச்சையம் மக்னீசியத்தை இழந்து காக்கிப் பச்சையாகும். நிறம் மங்கி, வைக்கோல் வாடை வந்த பொடி பழசு என்று கண்ணும் மூக்குமே சொல்லிவிடும்.

ஆய்வகத்தில் டிபிபிஹெச் என்ற ஊதாக் கரைசலில் பொடியின் சாற்றைக் கலப்பார்கள். வீரியம் இருந்தால் ஊதா மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். பழைய பொடியில் ஊதா அவ்வளவாக வெளுக்காது.

ஃபிரிட்ஜ் நல்லதுதான், ஒரு நிபந்தனையோடு. குளிர்ந்த பாட்டிலை உடனே திறந்தால் சென்னைக் காற்றின் ஈரம் பொடிமேலேயே வியர்த்துப் படியும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். சின்னச் சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் விளிம்புவரை நிரப்பிப் பிரித்து வைத்தால் காற்றும் குறையும், திறக்கிற தடவையும் குறையும்.

இரும்பும் கால்சியமும் எங்கும் போய்விடாது. ஆகவே மங்கிய பொடியை அடைமாவில் கலந்து தீர்க்கலாம். பூஞ்சை வாடை அடித்தால் மட்டும் குப்பைதான்.