இழுத்தால் வளையும் கோடு

ஏதாவது ஒரு டிசைன் மென்பொருளில் 'இ' என்ற எழுத்தைப் பெரிதாகத் தட்டி, அதை வெளிக்கோடாக மாற்றிப் பாருங்கள். கோட்டின் மேல் அங்கங்கே சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளியைத் தொட்டால் அதன் இருபுறமும் மெல்லிய குச்சிகள் நீளும். குச்சியின் நுனியைப் பிடித்து வெளியே இழுத்தால் 'இ'யின் வயிறு உப்பும், உள்ளே தள்ளினால் ஒட்டிப்போகும். டிசைனர்கள் இதை ஹேண்டில் என்பார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்திலும் சரி, கார் கம்பெனியின் ஸ்டுடியோவிலும் சரி, இழுபடுவது இதே ஹேண்டில்தான்.

படைப்பு வேலைக்குக் கம்ப்யூட்டர் எப்படி உதவும் என்று பேச்சு எழுந்தால் இப்போது எல்லோரும் செயற்கை நுண்ணறிவுக்குத் தாவிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இதுவரை கிடைத்த உதவிகளில் பெரியது இந்தக் குச்சிதான். அது நமக்காக எதையும் வரைவதில்லை. நாம் நினைத்த வளைவைப் பிடித்து அசைக்க ஓர் இடம் தருகிறது, அவ்வளவே. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

1950களின் கார் தொழிற்சாலையில் ஒரு வளைவு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஓவியர் ஒரு பானெட்டை வரைவார். அதைப் பார்த்துக் களிமண்ணில் மாதிரி செய்வார்கள். மாதிரியை அளந்து முழு அளவில் காகிதத்தில் வரைவார்கள். மெல்லிய மரச்சட்டத்தையோ உலோகப் பட்டையையோ ஈயக்கட்டிகளால் அங்கங்கே அழுத்திப் பிடித்து, அது தானாக வளையும் வளைவைப் பின்பற்றிக் கோடு இழுப்பது கப்பல் கட்டுபவர்களிடமிருந்து வந்த பழைய வித்தை. அந்தக் கோட்டிலிருந்து அச்சுத் தகடு வெட்டுவார் ஒருவர், தகட்டைப் பார்த்து, கார் பாகத்தை அழுத்தி வடிக்கும் அச்சைச் செதுக்குவார் இன்னொருவர். கை மாறும் ஒவ்வொரு முறையும் வளைவு ஒரு மயிரிழை மாறும். கடைசியில் கதவும் சட்டமும் பொருந்தாது. ஓவியர் அச்சுக்காரரைக் குறை சொல்வார், அச்சுக்காரர் வரைபடத்தைக் காட்டுவார். எது உண்மையான வளைவு என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது, ஏனென்றால் அது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை.

எண்களால் எழுதி வைத்தால் என்ன? முதலில் தோன்றும் வழி இதுதான்: வளைவின் மேல் பத்துப் பதினைந்து புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அவை எல்லாவற்றின் வழியாகவும் போகும் ஒரு சமன்பாட்டைக் கண்டுபிடிப்பது. பள்ளிக்கூடக் கணக்கை வைத்தே செய்துவிடலாம். ஆனால் கோடு அடங்காது. சம இடைவெளியில் புள்ளிகள் அதிகமாக அதிகமாக, அவற்றுக்கு இடையே, முக்கியமாக இரண்டு ஓரங்களிலும், கோடு மேலும் கீழும் துள்ள ஆரம்பிக்கும். ரூங்கே என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் 1901இலேயே இதைக் காட்டிவிட்டார். எல்லாப் புள்ளிகளையும் தொட்டே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதன் விலை அது. அப்படித் துள்ளும் பானெட்டை யார் வாங்குவார்கள்?

சிக்குக் கோலம் போடுபவர்களுக்கு இதற்கான மாற்று வழி விளங்கும். அங்கே இழை புள்ளியைத் தொடாது, புள்ளியை ஒட்டி வளைந்து போகும். இழை எங்கே திரும்பவேண்டும் என்று சொல்லத்தான் புள்ளி. கார் வளைவுக்கும் அதே தந்திரம் பலித்தது. முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் மட்டும் கோட்டின் மேல் இருக்கும். நடுவில் உள்ளவை கோட்டைத் தங்கள் பக்கம் ஈர்க்கும், அவ்வளவுதான்.

எப்படி ஈர்க்கும் என்பதை ஒரு கிராஃப் தாளில் செய்து பார்த்துவிடலாம். மூன்று புள்ளிகள் எடுத்துக்கொள்ளுங்கள்: அ (0,0), ஆ (4,8), இ (8,0). அ-விலிருந்து ஆ-வுக்கு ஒரு நேர்கோடு, ஆ-விலிருந்து இ-க்கு இன்னொரு நேர்கோடு. ஒரு கூரை மாதிரி இருக்கும். இப்போது இரண்டு கோடுகளிலும் நடுப்புள்ளியைக் குறியுங்கள்: (2,4), (6,4). இந்த இரண்டையும் இணைத்து, அந்தக் கோட்டின் நடுப்புள்ளியையும் குறியுங்கள்: (4,4). வளைவின் மேல் ஒரு புள்ளி கிடைத்துவிட்டது.

அப்புறம் பாதிக்குப் பதில் கால் பங்கு தூரம் போய்ப் பாருங்கள். முதல் கோட்டில் (1,2), இரண்டாவதில் (5,6). இவற்றை இணைக்கும் கோட்டிலும் கால் பங்கு: (2,3). இது இன்னொரு புள்ளி. முக்கால் பங்கு போனால் மறுபக்கம் (6,3). இப்படிப் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை எல்லாப் பங்குகளுக்கும் செய்தால், அ-வில் கிளம்பி, ஆ-வை நோக்கி எழுந்து, அதைத் தொடாமலே திரும்பி, இ-யில் இறங்கும் வழவழப்பான ஒரு வளைவு வரும். மொத்தக் கணக்கும் இவ்வளவே. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு புள்ளி எடுப்பது, அதையே திரும்பச் செய்வது.

இப்போது ஆ-வை (4,12)க்கு நகர்த்துங்கள். நான்கு கட்டம் மேலே போயிற்று. பழைய கணக்கைத் திரும்பப் போட்டால் வளைவின் உச்சி (4,4)இலிருந்து (4,6)க்குப் போயிருக்கும். நான்கு கட்டம் இழுத்தால் இரண்டு கட்டம் எழுகிறது. எட்டுக் கட்டம் இழுத்தால் நான்கு எழும். கோட்டின் வேறு எந்த இடத்திலும் திடீர்த் துள்ளல் இல்லை. கோடு எப்போதும் அந்த மூன்று புள்ளிகளின் முக்கோணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும், ஏனென்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எடுத்த எதுவும் வெளியே போக வழியில்லை. ஒரு மணி நேரம் இழுத்துப் பழகியவர் சமன்பாட்டைப் பார்க்காமலே, எவ்வளவு இழுத்தால் எவ்வளவு வரும் என்று கைக்கணக்காகத் தெரிந்துகொள்வது இதனால்தான். கணிதம் தெரியாத ஓவியரின் கையில் கணிதத்தை ஒப்படைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்று புள்ளி வளைவு ஒரு பக்கம்தான் வளையும். நான்கு புள்ளி வைத்தால் 'S' போல இருபக்கமும் நெளியலாம். டிசைன் மென்பொருளில் நாம் இழுப்பது பெரும்பாலும் இந்த நான்கு புள்ளி வகையைத்தான். இரண்டு முனைகள், ஒவ்வொரு முனைக்கும் ஒரு ஹேண்டில். முனையிலிருந்து கோடு எந்தத் திசையில் கிளம்பவேண்டும் என்பதை ஹேண்டிலின் திசை சொல்கிறது. எவ்வளவு தூரம் அதே திசையில் பிடிவாதமாகப் போகவேண்டும் என்பதை அதன் நீளம் சொல்கிறது.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் பால் த காஸ்தெல்ஜோ. 1958இல் சித்ரோயென் கார் கம்பெனியில் சேர்ந்த இளம் கணிதவியலாளர். அடுத்த வருடமே இந்த முறையைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதினார். கம்பெனி அதை வெளியே விடவில்லை, தொழில் ரகசியம் என்று பூட்டி வைத்தது. சில வருடம் கழித்து, போட்டிக் கம்பெனியான ரெனோவில் பியர் பெசியே என்ற பொறியாளர் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் கணிதக்காரர் அல்ல, இயந்திரப் பட்டறை மனிதர். 1933 முதல் ரெனோவில் இருந்தவர், ஓவியருக்கும் அச்சுக்காரருக்கும் நடக்கும் சண்டையை அருகிலிருந்து பார்த்தவர்.

பெசியே யோசித்த விதம் வித்தியாசமானது. ஒரு பெட்டிக்குள் வளைவு ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டார். பெட்டியைச் சாய்த்தால், நீட்டினால், உள்ளே இருக்கும் வளைவும் கூடவே சாயும், நீளும். வளைவை நேரடியாகத் தொடத் தேவையில்லை, பெட்டியின் விளிம்புகளை அசைத்தால் போதும். அதிலிருந்து யூனிசர்ஃப் என்ற கம்ப்யூட்டர் வரைவு அமைப்பு பிறந்தது, 1968 வாக்கில் ரெனோவில் வேலைக்கு வந்தது. பெசியே தம் முறையைப் பற்றிக் கட்டுரைகள் எழுதி வெளியிட்டார். எனவே உலகம் அதைப் பெசியே வளைவு என்றே கற்றுக்கொண்டது. சித்ரோயென் அறிக்கைகள் பின்னால் வெளியே தெரியவந்தபோது, மேலே நாம் தாளில் போட்ட கணக்குக்கு மட்டும் த காஸ்தெல்ஜோவின் பெயர் வைத்தார்கள். 2012இல் அவருக்கு ஒரு விருதும் கிடைத்தது. விருதின் பெயர் பெசியே விருது! சிரிப்பதா வருத்தப்படுவதா தெரியவில்லை.

த காஸ்தெல்ஜோவின் கணக்கில் இன்னொரு லாபம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. நம் கிராஃப் தாளுக்குத் திரும்புங்கள். உச்சியைக் கண்டுபிடிக்கும் வழியில் (2,4), (6,4) என்று இரண்டு இடைப்புள்ளிகள் கிடைத்தன அல்லவா? அவற்றைத் தூக்கிப் போடவேண்டாம். (0,0), (2,4), (4,4) என்ற மூன்றையும் புதிய கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக வைத்தால் வளைவின் இடது பாதி அச்சு அசலாக வரும். (4,4), (6,4), (8,0) வைத்தால் வலது பாதி. வடிவம் ஒரு துளிகூட மாறாமல் வளைவு இரண்டாகப் பிரிந்து, இழுக்க ஹேண்டில்கள் கூடிவிட்டன. டிசைன் மென்பொருளில் கோடு வரையும் பென் டூலால் கோட்டின் நடுவே சொடுக்கிப் புதுப் புள்ளி சேர்க்கும்போது உள்ளே நடப்பது இதுதான். இடது பாதியை மட்டும் மாற்ற நினைக்கும் ஓவியர் வலது பாதியைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, துண்டுகளை எப்படி ஒட்டுவது? இரண்டு வளைவுகள் சேரும் இடத்தில் இரு பக்க ஹேண்டில்களும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் மடிப்பு தெரியாது. எழுத்துக்கும் லோகோவுக்கும் பெரும்பாலும் இது போதும். காருக்குப் போதாது. ஷோரூமில் நிற்கும் காரின் கதவில் டியூப்லைட்டின் பிம்பம் நீளக் கோடாக விழும். திசை மட்டும் பொருந்தி வளைவின் அளவு சட்டென்று மாறும் இடத்தில் அந்தப் பிம்பம் முறிந்து தெரியும். தகட்டைத் தடவினால் கைக்கு வழவழப்பாகவே இருக்கும், கண் மட்டும் பிடித்துவிடும். அதனால் கார் டிசைனர்கள் திரையிலேயே வரிக்குதிரைக் கோடுகளைப் பிம்பமாக விழச் செய்து பார்க்கிறார்கள். எங்கே கோடு முறிகிறதோ அங்கே புள்ளியை நகர்த்துவார்கள். மேற்பரப்புக்கு நான்கு புள்ளி போதாது. நான்குக்கு நான்கு என்று பதினாறு புள்ளிகள் கொண்ட வலை ஒன்று தேவை. கணக்கு பழையதுதான், இரண்டு திசையில் போடுகிறோம்.

எல்லாம் வல்ல முறை என்று நினைத்துவிடவும் கூடாது. இந்த வளைவால் ஒரு வட்டத்தைச் சரியாக வரைய முடியாது! மென்பொருளில் நாம் இழுக்கும் வட்டம் பொதுவாக நான்கு கால்வட்டங்களை ஒட்டிச் செய்த போலி. ஹேண்டிலின் நீளத்தை ஆரத்தில் 0.5523 பங்கு வைத்தால் பிழை 0.03 விழுக்காட்டுக்கும் கீழே போகும். ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பேனருக்கு யார் கவலைப்படப் போகிறார்கள்? பேரிங் கடைபவர் கவலைப்படுவார், அவருக்கு வேறு வகை வளைவுகள் உண்டு.

காரிலிருந்து எழுத்துக்கு இது வந்தது 1980களில். பக்கத்தை எப்படி அச்சிடவேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, அடோபி கம்பெனியுடையது, 1984இல் நான்கு புள்ளி வளைவை அச்சு இயந்திரத்துக்குள் கொண்டுபோயிற்று. 1987இல் அதே கம்பெனியின் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரும் அதன் பென் டூலும் வந்தன. 1991இல் ஆப்பிள் வெளியிட்ட ட்ரூடைப் எழுத்துருக்கள் நம் கிராஃப் தாளில் உள்ள மூன்று புள்ளி வகையையே எடுத்துக்கொண்டன. உங்கள் போனில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் சிதறாமல் இருப்பதற்குக் காரணம், அங்கே சேமித்திருப்பது படம் அல்ல, புள்ளிகள். புள்ளிகளை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் வளைவும் சரியாக இரண்டு மடங்காகிவிடும்.

தமிழ் எழுத்து வரைபவருக்கு இதில் வேலை அதிகம். 'ட'வும் 'ப'வும் நேர்கோட்டிலேயே முடிந்துவிடும். 'ண', 'ஞ', 'ஐ' போன்றவை சுழி மேல் சுழி. அனுபவசாலிகள் வளைவின் மேல், கீழ், இடம், வலம் என்ற உச்சங்களில் மட்டும் புள்ளி வைப்பார்கள். நடுவில் அவசியம் இல்லாமல் ஒன்றுகூட வைக்கமாட்டார்கள். புள்ளி கூடக் கூட ஒவ்வொன்றும் ஒரு மேடாகத் தெரிய வாய்ப்பு.

ஒல்லி, சாதாரணம், தடிமன் என்று ஒரே எழுத்துருவின் பல எடைகளை ஒரே கோப்பில் அடக்கும் வேரியபிள் ஃபான்ட் 2016இல் அறிவிக்கப்பட்டது. அதன் உள்ளேயும் நம் நடுப்புள்ளிக் கணக்குதான். டிசைனர் ஒல்லி எழுத்தையும் தடித்த எழுத்தையும் வரைவார். ஒல்லியில் (100,700)இல் இருக்கும் புள்ளி தடிமனில் (80,720)இல் இருந்தால், நடு எடைக்கு (90,710) என்று கம்ப்யூட்டர் போட்டுக்கொள்ளும். இரண்டு வரைபடத்திலும் புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஆனால் 'ஞ'வின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் சராசரிக்குக் கட்டுப்படாது. நடு எடையில் பார்த்தால் அந்தச் சுழி மட்டும் அடைத்துக்கொண்டது போல இருக்கலாம். அப்போது டிசைனர் நடுவிலும் ஒரு வரைபடத்தைச் சேர்த்து, அந்தச் சில புள்ளிகளைக் கையால் விலக்கி வைப்பார். எங்கே சராசரி போதும், எங்கே போதாது என்று முடிவு செய்வது அவருடைய கண்.

வாக்கியம் ஒன்று தட்டினால் லோகோ வரைந்து தரும் இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் எனக்குள்ள குறை இங்கேதான். அவை தருவதில் பெரும்பாலானவை வண்ணப் பிக்சல்களால் ஆன படம். அழகாகவே இருக்கும். ஆனால் 'இந்த வளைவை மட்டும் கொஞ்சம் தளர்த்து' என்றால் பிடிக்க எதுவும் இருக்காது. மறுபடி வாக்கியம் தட்டவேண்டும், முழுப்படமும் மாறி வரும் அபாயத்தோடு. அப்படிக் கிடைத்த லோகோவை ஒருவர் பேனர் அளவுக்குப் பெரிதாக்கக் கொண்டுவந்தால், டிசைனர் தானியங்கி டிரேஸ் கருவியால் அதைப் பெசியே வளைவுகளாக மாற்றுவார். இருபது புள்ளியில் முடியவேண்டிய வடிவத்துக்கு நூற்றுக்கணக்கில் புள்ளிகள் வந்து விழும். உட்கார்ந்து அவற்றை அழிப்பதிலிருந்துதான் அவர் வேலை ஆரம்பிக்கும்.