போக்கா யோக்கே: தமிழ்ல கைப்பிசகுத் தடுப்பு

ஓசூர் சிப்காட்ல வண்டி பார்ட்ஸ் செய்யற கம்பெனிகள்ல மெஷின் பக்கத்துல போக்கா யோக்கேனு ஒரு நம்பர் போட்டு போர்டு மாட்டியிருப்பாங்க, கஸ்டமர் ஆடிட் வந்தா முதல்ல அதைத்தான் காட்டுவாங்க, ஆனா அர்த்தம் கேட்டா சூப்பர்வைசரே கொஞ்சம் யோசிப்பாரு.

ஜப்பானிய சொல் இது. கோ, ஷோகி மாதிரி பலகை ஆட்டத்துல நல்லா ஆடத் தெரிஞ்சவரே கவனம் தப்பி ஒரு காயை தப்பா வச்சிடுவாரு இல்லையா, அதுக்குப் பேருதான் போக்கா. யோக்கே-ன்னா தவிர்க்கறது. அதாவது கவனம் தப்பினாலும் தப்பு நடக்க முடியாதபடி, நடந்தாலும் உடனே தெரியற மாதிரி வேலையையே அமைச்சு வைக்கறது. முதல்ல இதை பாக்கா யோக்கேனுதான் சொல்லிட்டிருந்தாங்க, பாக்கா-ன்னா முட்டாள். இந்த முறையை பரப்பின ஷிகியோ ஷிங்கோங்கற இன்ஜினியர் எழுதி வச்சிருக்காரு, ஒரு கார் பாடி பாக்டரில அந்தப் பேரைக் கேட்டு ஒரு தொழிலாளி பொண்ணு, நான் என்ன அவ்ளோ முட்டாளானு அழுதுடுச்சாம், அதுக்கப்புறம்தான் 1963 வாக்குல போக்கா யோக்கேனு மாத்தினாங்க.

அதனால தமிழ்ல இதை முட்டாள் காப்புனு எழுதறது எனக்கு சுத்தமா ஒப்பல, அவங்களே வேண்டாம்னு விட்ட சொல்லை நாம எடுத்து வச்சுக்கற மாதிரி ஆகிடும். பிழைத் தடுப்பு பரவால்ல, ஆனா மெஷின் ரிப்பேர்ல வர்ற பிழையையும் அது சேர்த்துக்கும். நம்ம ஊர்ல கைப்பிசகா நடந்துடுச்சுங்கனு சொல்றோமே, தெரிஞ்ச ஆளு தெரியாம பண்ணின தப்பு, அது போக்காவுக்கு அச்சா பொருந்துது. கைப்பிசகுத் தடுப்புனே சொல்லலாம்.

1961-ல ஜப்பான்ல யமடா எலக்ட்ரிக்ங்கற கம்பெனில நடந்ததை பாருங்க. ரெண்டு பட்டன் இருக்கற சின்ன சுவிட்ச், ஒவ்வொரு பட்டனுக்கு கீழயும் ஒரு ஸ்பிரிங் வைக்கணும், அப்பப்ப ஒண்ணை வைக்க மறந்துடுவாங்க, பீஸ் கஸ்டமர்கிட்ட போய் திரும்பி வரும். கவனமா இருங்கனு சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டாங்க. ஷிங்கோ, முதல்ல ரெண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சின்ன தட்டுல வச்சுட்டு அப்புறம் வேலையை ஆரம்பிங்கனு மாத்தினாரு. முடிச்சதும் தட்டுல ஸ்பிரிங் மிச்சம் இருந்தா மறந்திருக்கோம்னு அங்கேயே தெரிஞ்சுடும். மொத்த செலவே ஒரு தட்டுதான்.

நொடிஞ்சு கிடக்கற சின்ன யூனிட்டுக்கு இது ஏன் இவ்ளோ முக்கியம்? ஒரு லாட் ரிஜெக்ட் ஆச்சுன்னா இரும்பு காசு மட்டும் போகல, மெஷின் நேரம், கரண்டு, திருப்பி எடுத்துட்டு வர்ற வண்டி வாடகை, கஸ்டமர் லைன் நின்னதுக்கு நம்ம பில்லுல கழிச்சுக்கற டெபிட் நோட், பில்லு பேமெண்ட் நிறுத்தம், அதை சமாளிக்க வட்டிக்கு கடன்னு வரிசையா வரும். உடனே ஓனர் நாலு பேரை கூட போட்டு எல்லா பீஸையும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை செக் பண்ணச் சொல்வாரு, சம்பளச் செலவு ஏறும், தப்பு நிக்காது, ஏன்னா செக் பண்றவங்க கண்ணும் மதியத்துக்கு மேல சோர்ந்துடும்.

இங்க ஒரு பட்டறையில பார்த்தேன், பிராக்கெட்டை டிரில்லிங் ஜிக்ல, அதான் ஓட்டை போடறப்ப பீஸை புடிச்சு வைக்கற சட்டத்துல, திருப்பி வச்சாலும் உக்காந்துடும், ஓட்டை தப்பான பக்கம் விழும், தினமும் ஆபரேட்டருக்கு திட்டு. ஜிக்ல ஒரு சின்ன பின்னை அடிச்சாங்க, பிராக்கெட் சரியா இருந்தா பின் அதோட வெட்டுக்குள்ள போயிடும், திருப்பி வச்சா முட்டி நிக்கும், ஜிக் மூடாது. அந்த ரிஜெக்‌ஷன் அதோட நின்னுச்சு. பாலக்கோட்டுல இருந்து பஸ்ல வர்ற பையனோ ஒடிசாவுல இருந்து நேத்து வந்து சேர்ந்தவரோ, யாரு வச்சாலும் அந்த பின்னுக்கு மொழி தேவையில்ல. காண்ட்ராக்ட் ஆளுங்க மாறிட்டே இருக்கற ஓசூருக்கு இதை விட பெரிய உதவி எனக்குத் தெரியல.

ஓசூர்ல இருக்கற டிவிஎஸ் மோட்டார் 2002-ல, தரத்துக்காக ஜப்பான்ல குடுக்கற டெமிங் பரிசை வாங்கிச்சு. 1950-ல ஜப்பானுக்குப் போய் தரத்தைப் பத்தி பாடம் எடுத்த அமெரிக்கர் டெமிங் பேர்லதான் அந்தப் பரிசு, அவர் சொன்னதும் இதேதான், கடைசில இன்ஸ்பெக்‌ஷன் பண்ணி தரத்தை கொண்டு வர முடியாது, வேலை செய்யறவங்க மனசுல இருக்கற பயத்தை முதல்ல வெளிய அனுப்புங்க.

எல்லாத்துக்கும் இது மருந்துனு நினைச்சுடாதீங்க. டூல் தேயறது, வர்ற இரும்போட தரம் லாட்டுக்கு லாட் மாறுறது இதெல்லாம் பின்னு அடிச்சா அடங்காது, அதுக்கு அளவெடுத்து, அளவு எல்லை தாண்டுதானு காட்டற கண்ட்ரோல் சார்ட் போடணும். இன்னொண்ணு, டார்கெட் நெருக்கினா தப்பைப் பிடிக்கறதுக்கு வச்ச சென்சார் மேல டேப் ஒட்டிட்டு ஓட்டற பழக்கம் இருக்கு. அதனால ஒவ்வொரு ஷிப்ட் ஆரம்பத்துலயும், சிவப்பு பெயிண்ட் அடிச்சு வச்ச தப்பு பீஸை வேணும்னே ஜிக்ல வச்சுப் பாக்கணும், அதை மெஷின் ஏத்துக்கிட்டா அன்னைக்கு லைனை ஸ்டார்ட் பண்ணாதீங்க.