பேச்சு போனவருக்குப் பேனாவும் பேப்பரும் உதவுமா?

பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனவரிடம் ஏறக்குறைய எல்லா வீட்டாரும் ஒரு நோட்டையும் பேனாவையும் நீட்டுகிறார்கள். "பேச வேண்டாம்பா, எழுதிக் காட்டுங்க." அவர் பேனாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருப்பார். அல்லது ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பக் கிறுக்குவார். "அப்பாவுக்குப் புத்தி போயிடுச்சு" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது தவறான முடிவு.

பேச்சு இரண்டு இடங்களில் தடைபடலாம். உதடு, நாக்கு, தொண்டைத் தசைகள் பலவீனமானால் பேச்சு குழறும், அல்லது குரலே வராது. ஆனால் சொல் மனதில் சரியாக இருக்கும். இவர்களுக்குப் பேனாவும் செல்போன் கீபோர்டும் நன்றாகவே உதவும். மூளையில் மொழியைக் கையாளும் பகுதியே அடிபட்டால் கதை வேறு. இதற்கு அஃபேசியா என்று பெயர். சொல்லைத் தேடுவது, வாக்கியம் அமைப்பது, கேட்டுப் புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது எல்லாம் ஒரே மொழி அறிவிலிருந்து வருவதால், பெரும்பாலும் எல்லாமே ஓரளவு சேர்ந்து பாதிக்கப்படுகின்றன. வாயில் வராத சொல் பேனாவிலும் வராது.

வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு மொழி இடப்பக்க மூளையில்தான் இருக்கிறது. அந்தப் பக்க மூளை உடலின் வலப்பக்கத்தை இயக்குவதால், வலது கை கால் விழுந்தவர்களிடம் பேச்சு இழப்பையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

1861இல் பிரான்ஸ் மருத்துவர் பால் புரோக்கா, "டான்" என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பேச முடியாத ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்மூளையில் சேதத்தைக் காட்டினார். அந்தப் பகுதியைச் சுற்றி அடிபட்டவர்கள் "காபி... வேணும்... நேத்து... ஆஸ்பத்திரி" என்று திக்கித் திணறிச் சொல்சொல்லாகப் பேசுவார்கள். நாம் பேசுவது அவர்களுக்குப் பெருமளவு புரியும். சீப்பைக் காட்டினால் தலைவாரிக் காட்டுவார், பெயர் வராது. "சீ..." என்று முதல் ஒலியை எடுத்துக்கொடுத்தால் "சீப்பு" என்று வந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுவதும், மனப்பாடமான பாட்டும் தேவாரமும், சமயத்தில் வசவும்கூட, தடையில்லாமல் வரும். அவை பழக்கத்தில் ஓடுபவை. "பாட்டுப் பாடறாரு, கேட்டா மட்டும் பதில் சொல்ல மாட்டேங்கறாரு, வேணும்னே பண்றாரு" என்று அவரிடம் கோபப்படுவது பெரிய அநியாயம்.

1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்த வகைதான் அதிகம் தவறவிடப்படுவது. இடப்பக்கக் காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் உள்ள பகுதி அடிபட்டால் பேச்சு சரளமாகவே வரும், பொருள் இருக்காது. சாவியைச் "சட்டை" என்பார், இல்லாத சொற்களை உருவாக்குவார். நாம் சொல்வதும் புரியாது. தான் தவறாகப் பேசுவது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். கை கால் நன்றாக இருப்பதால் பக்கவாதம் என்ற சந்தேகமே வீட்டாருக்கு வருவதில்லை. மனநோய் என்றோ காத்து கருப்பு என்றோ அலைந்து முதல் நாளையே இழந்துவிடுகிறார்கள். திடீரென ஒருவர் உளறலாகப் பேசினாலோ, சொல்வது புரியாமல் விழித்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

பேச்சு நன்றாக இருந்து, படிப்பு மட்டும் போவதும் உண்டு. மூளையின் இடப்பக்கப் பின்பகுதியில் அடைப்பு வந்தால், எழுத்தைக் கண் பார்த்தாலும் அந்தக் காட்சி மொழிப் பகுதிக்குப் போய்ச் சேராது. 1892இல் பிரான்சில் டெஜரின் என்ற மருத்துவர் இதை விவரித்தார். இவர்கள் ஒரு பக்கக் கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதுவார்கள். பத்து நிமிடம் கழித்து அதே கடிதத்தைக் கொடுத்தால் படிக்கத் தெரியாது. வலப்பக்கப் பார்வையும் சேர்ந்து மறைந்திருக்கும் என்பதால் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எழுத்தின் மேல் விரலால் வரைந்து பார்க்கச் சொன்னால் பலருக்கு அந்த எழுத்து பிடிபடும், பயிற்சியையும் அங்கிருந்தே தொடங்கலாம். வலப்பக்க மூளை அடிபட்டவர்களுக்கு வேறொன்று நடக்கும். "பள்ளிக்கூடம்" என்பதைக் "கூடம்" என்று படிப்பார்கள், வரியின் இடப்பாதி அவர்கள் கவனத்துக்கே வராது. பக்கத்தின் இட ஓரத்தில் தடிமனாகச் சிவப்புக் கோடு போட்டு, ஒவ்வொரு வரியையும் கோட்டைத் தொட்டபின் தொடங்கச் சொல்ல வேண்டும்.

எழுத்தைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வலது கை விழுந்தவர் இடது கையால் எழுதினால் யாருக்கும் கோணல்தான். பழுது கையிலா மொழியிலா என்று அறிய, எழுத்துகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதிப் பரப்பி "பால்" என்று அடுக்கச் சொல்லுங்கள். சரியாக அடுக்கினால் மொழி பழுதாகவில்லை, பழுது கையில்தான். கொம்பு, துணைக்கால் விட்டுப்போவதையும், ல, ள, ழ குழப்பத்தையும் பார்த்ததும் நோய் என்று எண்ண வேண்டாம். அவர் முன்பே அப்படி எழுதியவராக இருக்கலாம். பழைய கணக்கு நோட்டு ஒன்றைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் எடுத்துப்போனால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

வீட்டில் அரிச்சுவடி வாங்கி "அ, ஆ" என்று தொடங்காதீர்கள். அவர் குழந்தை அல்ல. மனைவி பெயர், பேரன் பெயர், "தண்ணி", "பாத்ரூம்", "வலி" போன்ற அன்றாடச் சொற்களில் தொடங்குங்கள். டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். கத்த வேண்டாம், காது கேட்கிறது. கேள்வி கேட்டபின் பத்து வினாடியாவது காத்திருங்கள். "என்ன சாப்பிடறீங்க?" என்பதைவிட இட்லியையும் தோசையையும் காட்டிக் கேட்பது எளிது. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். ஒரு வருடம் கழித்துப் பயிற்சிக்கு வருபவர்களும் முன்னேறுகிறார்கள், ஆகவே "இனி அவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். முட்டுக்காட்டிலுள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்திலும், மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனத்திலும் பயிற்சி கிடைக்கிறது.

சொத்துப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குவது பற்றியும் சொல்லியாக வேண்டும். அஃபேசியா உள்ளவர்களில் பலர் கேட்டதற்கெல்லாம் "ஆமா" என்று தலையாட்டுவார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "உங்க பேரு முருகனா?" என்று வேறொரு பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் தலையாட்டினால் மற்ற "ஆமா"க்களையும் நம்ப முடியாது. "வீட்டைப் பெரியவனுக்குக் கொடுக்கணுமா?" என்று கேட்டபின், "கொடுக்க வேண்டாமா?" என்றும் திருப்பிக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் பத்திரத்தைத் தள்ளிவைத்து, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் பரிசோதித்து, முடிவை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மாறாக, திக்கித் திக்கிப் பேசினாலும் எல்லாவற்றுக்கும் பொருத்தமாகப் பதில் தருபவர் என்றால், அவரைக் கேட்காமல் அவர் சார்பில் யாரும் முடிவெடுக்கக் கூடாது.