எக்கோ சவுண்டர் திரையைப் படிப்பது எப்படி?

விசைப்படகுகளில் ஆழம் பார்க்க உதவும் எக்கோ சவுண்டர், சோனாரின் (ஒலியை அனுப்பி நீருக்குள் இருப்பதைக் கண்டறியும் கருவியின்) எளிய வடிவம். படகின் அடியில் பொருத்தும் டிரான்ஸ்டியூசருக்குள் பீங்கான் வில்லை ஒன்று இருக்கும். மின்துடிப்பு பாய்ந்ததும் அது அதிர்ந்து ஒலியைக் கீழே அனுப்பும். திரும்பும் எதிரொலி அதே வில்லையை அழுத்த, மெல்லிய மின்னழுத்தம் பிறக்கும். போய்வந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைத்துவிடும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடுவதால், 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர 0.04 நொடி போதும்.

இந்த 1500 இடத்துக்கு இடம் மாறும். 28 டிகிரி செல்சியஸ் நீரில் வேகம் 1540-ஐ நெருங்கும். கருவியை 1500-இலேயே விட்டால் 30 மீட்டர் ஆழம் 29.2 மீட்டர் என்று காட்டும். மீன்பிடிக்க இது பொருட்டல்ல. கடல் வரைபடம் தயாரிப்பவர்களோ நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து திருத்திய பிறகே ஆழத்தைக் குறிப்பார்கள்.

திரையில் ஆழம்தான் தெரியும், திசை தெரியாது. பலரும் தவறாகப் படிப்பது இங்கேதான். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கற்றையின் அகலம் 12 பாகை என்றால், 30 மீட்டர் ஆழத்தில் அது சுமார் 6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத் தொடும். 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி நீரில் குறைவாகவே தேய்வதால் அதிக ஆழம் போகும். ஆனால் 45 பாகை விரிந்தால் அதே ஆழத்தில் வட்டம் 25 மீட்டராகிவிடும். அதன் விளிம்பில் நிற்கும் மீனும் நேர்கீழே நிற்பதுபோலவே பதிவாகும். தரையை ஒட்டிக் கிடக்கும் மீன், தரையின் எதிரொலியோடு கலந்து மறைந்துபோகும்.

மீனின் சதை அடர்த்தியில் நீரை ஒத்தது. ஒலியைப் பலமாகத் திருப்புவது வயிற்றிலுள்ள காற்றுப்பைதான். சுறாவுக்கும் ஊசிக்கணவாய்க்கும் அது கிடையாது, அதனால் அவற்றின் எதிரொலி மங்கல். திரை வெறுமையாக இருப்பதாலேயே அங்கே மீனில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஓடும்போது படம் அறுந்து அறுந்து வந்தால் முதலில் குமிழ்களைச் சந்தேகியுங்கள். காற்றுக்குமிழ் ஒலியை மறித்துவிடும். ஆகவே டிரான்ஸ்டியூசரை புரொப்பெல்லரின் கலக்கலுக்கும் முன்பக்க நுரைக்கும் விலக்கி வைக்க வேண்டும். படகு நிற்கும்போதும் படம் மங்கினால், டிரான்ஸ்டியூசரின் முகப்பில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் ஒட்டியிருக்கும், அல்லது பெயின்ட் தடித்திருக்கும். சாய்கோடாகப் புள்ளிகள் ஓடினால், பக்கத்துப் படகின் கருவியும் அதே அலைவரிசையில் ஒலிக்கிறது என்று பொருள்.

20 மீட்டர் தரைக்கோட்டுக்குக் கீழே 40 மீட்டரில் இன்னொரு கோடு வருவது கோளாறல்ல. ஒலி தரையில் பட்டு, மேற்பரப்பில் மோதி, மறுபடி கீழே போய்வந்த தடம் அது. சேற்றுத்தரையில் அது மங்கும், பாறையில் அழுத்தமாக விழும். இழுவலை போடுகிறவர்கள் அந்த இரண்டாம் கோடு தடித்தாலே வலையைத் தூக்கிவிட வேண்டும்.