தண்ணீர் தெளிவாக இருந்தாலும் மீன் சாகும்

"தண்ணி பளிங்கு மாதிரி இருக்குண்ணே, மீன் மட்டும் சாகுது." மீன் தொட்டி வாங்கிப் போன சில நாளிலேயே இப்படிச் சொல்லிக்கொண்டு எங்கள் கடைக்குத் திரும்பி வருபவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துவிட்டது. கடைசியாக வந்த அம்மா, இரண்டு நாளுக்கு ஒருமுறை மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசியிருக்கிறார். அக்கறையில் ஒரு குறையும் இல்லை. மீன்கள் செத்ததே அந்தக் கழுவலால்தான்.

தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று யார் சொன்னது? மீனின் செவுள் வழியாக அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவுக்கு ஏறினாலும் நம் மூக்குக்குத் தெரியாது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது பாக்டீரியா. நீங்கள் அழுக்கு என்று பிழிந்து ஊற்றும் பஞ்சிலும், தேய்த்துக் கழுவும் கல்லிலும்தான் அது ஒட்டி வாழ்கிறது. புதுத் தொட்டியில் அது போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். கழுவிக் கழுவி வைத்தால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். உப்பான போர்வெல் தண்ணீரில் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8ஐத் தாண்டியிருந்தால், அதுவும் சித்திரை வெயிலில், அதே அம்மோனியாவின் விஷம் இன்னும் கடுமை.

நைட்ரைட் ஏறினால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசி என்று நினைத்து அதற்கும் இரை போடுகிறார்கள்! போடாதீர்கள். மீன் நோய்க்கு விற்கும் நீல மருந்தையும் (மெத்திலீன் புளூ) ஊற்றாதீர்கள், அது அந்த பாக்டீரியாவையும் பாதிக்கும். கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், குளோரின் நீக்கும் மருந்து கலந்த பிறகு.

பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும். இரவில் ஃபில்டரை நிறுத்தவே கூடாது. இரை ஒன்றிரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும். தொட்டியையும் பத்து கோல்டு ஃபிஷ்ஷையும் ஒரே நாளில் சேர்த்து விற்பவர்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்டு வாங்காதீர்கள். முதலில் இரண்டு மூன்று கப்பி மீன் போதும்.

நோயில்லாமல் ஓடும் பழைய தொட்டி தெரிந்தவர் யாரிடமாவது இருந்தால், அதன் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி, அதில் இருக்கும் பாக்டீரியா சாகாதபடி காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். கடையில் கேட்டாலும் தருவோம், காசு வேண்டாம்.